மலையைச் சுற்றிப் போன பஸ்

பஸ் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம், உள்ளே எங்கள் மூச்சுக்காற்று. சேலைத் தலைப்பால் துடைத்தால் ஒரு கையகலத்துக்குத் தேயிலைச் சரிவு தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மங்கிப் போகும். தூங்குகிறோமா, விழித்திருக்கிறோமா என்று தெரியாத நேரம். முன் சீட்டில் யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்தார்கள். அந்த வாசனை பஸ் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் மடியில் வந்து உட்கார்ந்தது.

ஒரு வளைவில் பனி கலைய ஆரம்பித்தது. பாலில் தண்ணீர் விட விட நீர்த்துப் போவது மாதிரி, மெல்ல மெல்ல. எதிரே ஒரு மலை நின்றது. அதன் உச்சியிலிருந்து இரண்டு அருவிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நீளத்துக்கு இறங்கின. ரெட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பது போலிருந்தது.

எல்லோரும் அந்தப் பக்க ஜன்னலுக்குச் சாய்ந்தார்கள். என் பக்கத்தில் இருந்த பாக்கியம் அக்கா மட்டும் எழுந்து நின்றாள். மேல் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி செல்வி, வண்டிய நிப்பாட்டச் சொல்லு" என்றாள்.

வாந்தி வருகிறதாக்கும் என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவே இல்லை.

"இந்த ரெட்ட அருவிதான்டி எங்க வீட்டு வாசல்ல நின்னா தெரியும். எங்கக்கா இங்கதான் இருக்கா."

பாக்கியம் அக்காவோடு அதற்குள் பல வருஷம் வேலை பார்த்திருந்தேன். ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டிருக்கிறேன். அவளுக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

செட்டியார்பட்டியில் எங்கள் செட்

இந்தப் பக்கங்களைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் தையல் செட் பழகியிருக்கும். இன்றைக்குத்தான் உள்ளே வருகிறவர்களுக்காக நாலு வரி.

எண்பதுகளின் பிற்பாதி. ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியில் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம். உள்ளே வரிசையாகத் தையல் மிஷின்கள். நாங்கள் நைட்டி தைத்தோம். நான் ஓரம் அடிக்கிற ஓவர்லாக், பாக்கியம் அக்கா பட்டன் துளை போடுகிற காஜா. நாங்கள் தைத்த நைட்டி எங்கெங்கோ ஊர்களுக்குப் போனது. எங்களில் ஒருத்திகூட அதைப் போட்டதில்லை. அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனால் தெரு என்ன சொல்லும் என்று பயந்த காலம் அது.

அக்காவுக்கு அப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கணவர் தவறி ரொம்ப நாளாகிவிட்டது. மகன் சிவகாசியில் அச்சாபீசில் இருந்தான். அதிகம் பேசமாட்டாள். மிஷின் சத்தத்துக்குள்ளேயே இருந்து பழகிவிட்டதால் அப்படி என்று நினைத்துக்கொள்வோம்.

டூர் போகலாம் என்றது முதலாளியம்மா. ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பொங்கல் முடிந்தால் ஆர்டர் குறைந்துவிடும். அந்த நாட்களில் ஒரு பஸ் பிடித்துப் போய்வரலாம் என்றார். கோயில் என்றால் ஆளுக்கு ஒரு கோயில் சொல்வார்கள். செட்டில் பாதிப் பேர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் வேறு. அதனால் எல்லாருக்கும் பொதுவாக மலைக்குப் போவது என்று முடிவானது.

செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குள் நுழைந்து, கோட்டயம் பக்கமாக மேலே ஏறி, குமுளியில் இறங்கி, கம்பம், தேனி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து ஊர் திரும்புவது. யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் மலையை ஒரு முழுச் சுற்று. கிரிவலம் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். பாக்கியம் அக்கா சிரித்தாளா என்று ஞாபகமில்லை. கடைசி வரைக்கும் வரவில்லை என்றவள், கிளம்புகிற அன்று காலையில் ஒரு மஞ்சள் பையோடு வந்து பேசாமல் ஏறிக்கொண்டாள்.

ஜன்னல் ஓரத்துக் கனவு

அந்தப் பயணத்தின் முதல் நாள் எனக்கு அடுக்கடுக்காக ஞாபகமில்லை. துண்டு துண்டாகத்தான் வருகிறது.

ஆரியங்காவு தாண்டியதும் வெயிலின் நிறம் மாறியது. இலைகளுக்குள் வடிகட்டி வந்த பச்சை வெயில், எங்கள் கைகளிலும் முகங்களிலும் ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளத்தில் வளைவு வளைவாக ஒரு ரயில் பாலம், அதன் மேல் யாரும் இல்லை. ரப்பர் மரங்கள் ஒவ்வொன்றும் இடுப்பில் ஒரு சிரட்டையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. நான் தூங்கி விழித்தேன், அப்போதும் ரப்பர் மரங்கள். மறுபடி தூங்கி விழித்தபோது ஒரு ஆறு கூடவே வந்துகொண்டிருந்தது. அதில் துவைத்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். எனக்கு அவளைத் தெரியும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் கரிசலும் பருத்தியும். கண்ணுக்குப் பச்சை என்றால் நெல் விளைகிற சில மாதம்தான். இவ்வளவு பச்சையைப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் மயக்கம் மாதிரி வந்துவிடுகிறது. டிரைவர் தேவசகாயம் அண்ணன் வீடியோ போட்டார். யாரும் பார்க்கவில்லை என்று அவரே நிறுத்திவிட்டார்.

மலைக்குப் போனவர்கள்

ராஜபாளையத்தில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் தெருவின் முடிவில் மலை நிற்கும். மழை அங்கிருந்துதான் வரும். காலையில் நீலம், மத்தியானம் சாம்பல், சாயங்காலம் கறுப்பு. அதற்கு அந்தப் பக்கமும் ஒரு பக்கம் உண்டு என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

முன்னொரு காலத்தில், மழை பொய்த்த வருஷங்களில், அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கக் கங்காணிகள் எங்கள் ஊர்களுக்கு வந்தார்கள். குடும்பம் குடும்பமாக நடத்தியே கூட்டிப் போனார்கள். போனவர்கள் காட்டை வெட்டினார்கள், தேயிலை நட்டார்கள். அட்டைக்கடி, குளிர், மலைக்காய்ச்சல். சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தவர்களில் சிலர் காலையில் எழுந்திருக்கவில்லை. செத்தவர்களை அங்கங்கேயே புதைத்துவிட்டுப் பக்கத்தில் செடி நட்டார்கள் என்பார்கள். ஓடிப்போனவர்களைத் தேடிப் பிடித்துவந்து கட்டிவைத்து அடித்தார்கள்.

இதையெல்லாம் பின்னாளில்தான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது, மகாராஜபுரத்தில் கேட்ட ஒரே ஒரு பேச்சுதான். என் அம்மா பிறந்த ஊர் அது. அங்கே வயலில் களை எடுக்கும்போது யாராவது யாருடைய குடும்பத்தைப் பற்றியாவது சொல்வார்கள். அவருக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு இங்கே, ஒன்று மலைக்குப் போனது என்பார்கள். அந்த ஒன்று இருக்கிறதா, இல்லையா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த வீட்டுக் கதைக்குப் போய்விடுவார்கள்.

டீக்கடையில் சொன்ன கதை

தேவசகாயம் அண்ணன் அடுத்த வளைவில் இருந்த டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து, கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டே பாக்கியம் அக்கா சொன்னாள். செட்டே அவளைச் சுற்றி நின்றது. அவள் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை.

அவளுக்கு அப்போது ஏழு வயது இருக்கலாம். அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம், தோட்டத்தில் அரிசி சரியாகக் கிடைக்காது. அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா வெள்ளையம்மா கொழுந்து பறிக்கப் போவாள். அக்கா ராசம்மா, பன்னிரண்டு வயதுக்காரி, மேலே துரை பங்களாவில் குழந்தை பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீழே வருவாள்.

அப்பா செத்த கொஞ்ச நாளில் கங்காணி வெள்ளையம்மாவைத் தன் வீட்டோடு வந்து இருந்துகொள்ளச் சொன்னான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள், அன்று பொழுது சாயும்போதே சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது. பங்களாவுக்குப் போகிற பாதையில் காவல்காரன் இருந்தான். கையில் இருந்த பிள்ளையோடு கிளம்பினாள்.

எத்தனை நாள் நடந்தார்கள் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. யானை லத்தியின் சூடு, கால்விரல் இடுக்கில் அட்டை, ஒரு மரப்பொந்தில் ஒண்டியிருந்தபோது அம்மாவின் நெஞ்சு அடித்த சத்தம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கமாக இறங்கி வெட்டவெளியைப் பார்த்தபோது கண் கூசியதாம். மடவார் வளாகத்துக் கோயில் வாசலில் யாரோ இலையில் வைத்துக் கொடுத்த சுண்டல்தான் அவர்கள் இந்தப் பக்கத்தில் சாப்பிட்ட முதல் சாப்பாடு.

பிறகு செட்டியார்பட்டியில் ஒரு வீட்டில் அம்மா வேலைக்குச் சேர்ந்தாள். தேடி வந்து பிடித்துவிடுவார்கள் என்று வருஷக்கணக்காகப் பயந்தாள். வீட்டில் மேற்கே பார்த்த ஜன்னலைச் சாக்கை வைத்து அடைத்திருந்தாள். ராசம்மாவைப் பற்றிக் கேட்டால், பங்களாவில் இருக்கிறாள், அவளுக்குச் சோறு கிடைக்கும் என்பாள். கொஞ்ச வருஷத்தில் அந்தப் பதிலும் நின்றுவிட்டது. எந்தத் தோட்டம், என்ன பேர் என்று கடைசி வரைக்கும் மகளிடம் சொல்லாமலே கண்ணை மூடினாள்.

"இந்த அருவி ஒண்ணுதான் எனக்கு ஞாபகம். அதையும் நானா நெனச்சுக்கிட்டதோன்னு இருந்தேன்" என்றாள் அக்கா.

டீக்கடைக்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அருவிக்கு நேர் கீழே ஒரே ஒரு தோட்டம்தான் என்றார். பிரியும் பாதையைக் கையால் காட்டினார்.

எங்களுக்குள் ஒரு சின்ன முணுமுணுப்பு எழுந்தது. இருட்டுவதற்குள் குமுளி போய்ச் சேர வேண்டும், மறுநாள் காலையில் படகுச் சவாரி, அது போனால் போனதுதான் என்று இரண்டு மூன்று பேர் இழுத்தார்கள். அதில் நியாயம் இருந்தது. ஒரு வருஷம் பூராவும் எதிர்பார்த்திருந்த படகு. முதலாளியம்மா எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். "பதண்டி" என்றார். கிளம்புங்கள் என்பதற்கு அவர் வீட்டுச் சொல். செட்டில் வேலை நேரத்தில் அந்தச் சொல் வந்தால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

தொட்டில்கள்

தோட்டத்துப் பாதையில் பஸ் பாதி தூரம்தான் போனது. அங்கிருந்து நானும் அக்காவும் நடந்தோம். பனி மறுபடி இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் தேயிலை இடுப்பளவுக்கு, வெட்டிச் சீராக்கிய மாதிரி. காலடியில் சரளைக்கல் சத்தம் மட்டும். யாரோ இருமுகிற சத்தம் பக்கத்தில் கேட்கும், ஆளைக் காணோம். செடிகளுக்கு நடுவே கொழுந்துக் கூடை ஒன்று தானாக நகர்ந்து போனது. அதைச் சுமந்து போன பெண் பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தாள்.

அவளிடம்தான் கேட்டோம். ராசம்மா என்றதும், பிள்ளை பார்க்கிற ராசம்மாவா என்று கேட்டுவிட்டு ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினாள்.

வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. உள்ளே உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. சிவப்பு, ஊதா, பூப்போட்டது. எல்லாத் தொட்டில்களின் கயிறுகளையும் ஒன்றாக முடிந்து, ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்த வயதான பெண் கையில் பிடித்திருந்தாள். அவள் மெதுவாக இழுத்து விட, அத்தனை தொட்டிலும் ஒன்றுபோல் ஆடின. பால் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும். எனக்கு அந்தக் கணம் அங்கேயே படுத்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது.

"ராசம்மாதானே?" என்றாள் அக்கா.

"மெதுவாப் பேசு. பிள்ளைக உறங்குது. நீ ஆரு?"

"பாக்கியம். ஒந்தங்கச்சி. வெள்ளையம்மா மக."

கயிறு நிற்கவில்லை. ராசம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். பைத்தியத்தைப் பார்க்கிற பார்வை.

"எந்தங்கச்சி செத்துட்டா. அவளும் அம்மாவும் காட்டுல செத்துட்டாங்க. பள்ளத்து ஓரத்துல அம்மா சேல கெடந்துச்சுன்னு காவக்காரன் எடுத்துட்டு வந்து காட்டினான். நான் கையில வாங்கிப் பாத்தேன்."

"அத அம்மாவேதான் அவுத்துப் போட்டா" என்றாள் அக்கா. "தேடி வாரவுக, விழுந்து செத்துட்டோம்னு திரும்பிப் போகட்டும்னு போட்டா. அங்கேருந்து கம்பளியச் சுத்திக்கிட்டுத்தான் நடந்தா."

கயிறு நின்றது. தொட்டில்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தன. ராசம்மா எழுந்து வந்து, அக்காவின் தாடையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகம் இளகிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன்.

"அம்மா கெழவியாகியிருந்தா இப்பிடித்தான் இருந்திருப்பா" என்றாள்.

"இப்பிடித்தான் இருந்தா" என்றாள் அக்கா.

அந்தப் பதிலைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வராது.

ராசம்மாவின் கை தாடையிலிருந்து இறங்கியது. "எப்ப வரைக்கும் இருந்தா?"

"எம்மவன் பள்ளிக்கூடம் போற வரைக்கும்."

"அம்புட்டு வருசமா?"

அக்கா தலையை ஆட்டினாள். பிறகு, "பயந்துட்டாக்கா" என்றாள்.

"பன்னெண்டு வயசுல எனக்கும்தான் பயமா இருந்துச்சு."

ஒரு குழந்தை சிணுங்கியது. ராசம்மா போய் அந்தத் தொட்டிலை மட்டும் கையால் ஆட்டினாள். எங்களைப் பார்க்காமலே பேசினாள். இருவரும் ஆரம்பத்திலிருந்து குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு கோபத்தை அவ்வளவு மெல்லிய குரலில் அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

"வருசா வருசம் ஒங்க ரெண்டு பேருக்கும் மாரியம்மன் கோயில்ல வெளக்கு வச்சேன். செத்தவளுக்கு அழுது முடிச்சிட்டேன். இருந்துக்கிட்டே வராதவளுக்கு எப்பிடி அழணும்னு எனக்குத் தெரியல. பஸ்ஸு நிக்குதுல்ல. நீ போ."

அக்கா வாசலில் நின்று திரும்பினாள். ஊர்ப் பெயரையும், செட் இருக்கிற தெருவையும் சொன்னாள். ராசம்மா திரும்பவில்லை. நாங்கள் வெளியே வந்தபோது தொட்டில்கள் மறுபடி ஒன்றாக ஆடத் தொடங்கியிருந்தன.

இறக்கம்

பஸ்ஸில் ஏறினோம். அக்காவின் முகமே சொல்லியிருக்கும். முதலாளியம்மா தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டார். படகுக்காக முணுமுணுத்தவர்களில் ஒருத்தி, முன் சீட்டில் குலுக்கல் குறைவு என்று எழுந்து இடம் கொடுத்தாள்.

படகுச் சவாரி கிடைத்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஏரி மேல் புகை மாதிரிப் பனி. தண்ணீருக்குள்ளிருந்து பட்டுப்போன மரங்கள் கறுப்புக் கறுப்பாக நீட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பறவை. மூழ்கிப்போன காடு என்றார் படகுக்காரர். பாக்கியம் அக்கா படகின் விளிம்பில் கை வைத்து, எதிர்க்கரைக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். இங்கே எங்கேயோதான் நடந்திருப்போம் என்று ஒரு தடவை சொன்னாள். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

கம்பத்தில் திராட்சைப் பந்தல்கள், தேனியில் காற்று, அதற்குப் பிறகு எங்கள் வெயில். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்ததும் ஊர் வந்துவிட்ட மாதிரி எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். பால்கோவா வாங்க இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. நான் வாங்கிவந்து கொடுத்ததைச் சூடாகவே சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்தபின்தான் அழுதாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தேரடியில் ஒருவர் பலூன் விற்றுக்கொண்டிருந்தார்.

தேவசகாயம் அண்ணன் கொண்டு போன நைட்டி

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், அக்கா அடித்த காஜா எல்லாம் ஆண்கள் சட்டை மாதிரி இடது பக்கத்தில் இருந்தன. முதலாளியம்மா பார்த்தார், திட்டவில்லை. நானும் இன்னொரு பெண்ணும் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தோம்.

அந்தக் கோடையில் தேவசகாயம் அண்ணன் அதே பாதையில் வேறொரு டூர் போனார். கிளம்பும் முன் அக்கா ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். கெட்டியான துணியில், முழுக்கை வைத்து, அவளே தைத்த நைட்டி. தோட்டத்தில் கொடுத்துவிடுங்கள், ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றாள்.

அண்ணன் திரும்பி வந்து, ராசம்மா வாங்கிக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை என்றார். அக்கா இன்னொன்று தைத்தாள். அடுத்த டூருக்குப் போய்வந்த அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். குளிருக்கு அந்த நைட்டியைச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு ராசம்மா தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாளாம். அதற்கடுத்த தடவை அவர் கையில் ஒரு தேயிலைப் பொட்டலம் இருந்தது. கொடுத்தவள் எதுவும் சொல்லவில்லை என்றார். அக்கா அந்தத் தேயிலையில் செட்டுக்கே டீ போட்டாள். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு அது கொஞ்சம் கறுத்துவிட்டது. யாரும் மிச்சம் வைக்கவில்லை.

இப்படியே சில வருஷம் போனது. தொண்ணூறுகள் பிறந்துவிட்டன. இதற்குள் எங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று பேர் நைட்டி போட ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு நாள் தேவசகாயம் அண்ணனின் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றபோது அதிலிருந்து ராசம்மா இறங்கினாள். அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நானும் அக்காவும் போயிருந்தோம். கையில் ஒரு ரெக்சின் பை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அக்கா பையை வாங்கக் கையை நீட்டினாள். ராசம்மா கொடுத்தாள். வீட்டுக்குப் போகலாம், சாப்பிட்டுவிட்டுப் படு என்றாள் அக்கா.

"மொதல்ல அவ எங்க கெடக்கான்னு காட்டு" என்றாள் ராசம்மா.

கண்மாய்க் கரையில்

செட்டியார்பட்டிக்கு வெளியே, கண்மாய்க் கரையை ஒட்டிய இடுகாடு. வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. வெள்ளையம்மாவுக்குக் கல்லோ மேடோ எதுவும் இல்லை. அக்கா ஒரு இடத்தைக் குத்துமதிப்பாகக் காட்டினாள். நான் கொஞ்சம் தள்ளி, பையோடு ஒரு புங்க மரத்தடியில் நின்றேன்.

ராசம்மா அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "ஏ வெள்ளையம்மா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அதற்கப்புறம் வைதாள். வாய்விட்டு, குரலை உயர்த்தி. எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டுக் காவல்காரன் அடித்ததைச் சொன்னாள். தெரியாது என்று அவள் சொன்னது நிஜம், ஆனால் யாரும் நம்பவில்லை. கல்யாணத்துக்குத் தாய் வீட்டுப் பக்கம் நிற்க ஆளில்லாமல் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து யாரோ ஒருத்தி வந்து நின்றதைச் சொன்னாள். முதல் பிள்ளை தங்காமல் போனதைச் சொன்னாள். ஒரு ஆள் மூலமாக ஒரு சொல் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் குரல் கம்மிப்போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாக்கியம் அக்கா அம்மாவுக்காகப் பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளும் பக்கத்தில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒரு புல்லைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னைய மட்டும் கொஞ்சினாளாக்கும்" என்றாள். "ஒம்பேரச் சொன்னா அடிப்பா. எனக்குப் பொட்டப்புள்ள பொறந்தா ராசம்மான்னுதான் வைப்பேன்னு சொன்னேன். புள்ளத்தாச்சின்னும் பாக்காம அடிச்சா."

ராசம்மா திரும்பிப் பார்த்தாள். "அடிச்சாளா?"

"அடிச்சுட்டு, அவளே மூலையில போய் உக்காந்து அழுவா. அன்னைக்குச் சோறும் பொங்க மாட்டா. நாந்தான் பட்டினி."

ராசம்மா கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். கண்மாயில் தண்ணீர் வெயிலில் மின்னியது. காற்றில் எங்கிருந்தோ மிஷின் சத்தம் வந்து வந்து போனது. "அவளுக்கு எப்பவும் கைதான் முந்தும்" என்றாள் பிறகு. ஆற்றில் வாளியை விட்டுவிட்டதற்காக அம்மா தன்னைத் துரத்தித் துரத்தி அடித்த கதையைச் சொன்னாள். அந்த வாளியை அதற்குப் பிறகும் பத்து வீட்டில் சொல்லிக் காட்டியதைச் சொன்னாள். அதற்கு அக்கா ஒன்று சொன்னாள். அம்மா குழம்பில் அள்ளிப் போடுகிற உப்பைப் பற்றி. ராசம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர்கள் எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் சத்தம் கேட்டுக் கரை ஏறி என்னிடம் வந்தார். யார் அவர்கள், என்ன சண்டை என்று கேட்டார்.

"அக்கா தங்கச்சிக" என்றேன். "அம்மாவ வஞ்சுக்கிட்டு இருக்காக."

அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, மாடுகளைக் கரையின் மறுபக்கமாக ஓட்டிக்கொண்டு போனார்.